தாமரைக்குளத்தில் குடம் தாங்கியவள்

1

இதை எழுத வேண்டும் என்று பல வருஷங்களாக நினைத்து வந்தேன். காகிதத்தை எடுப்பேன், முருகன் படத்துக்கு முன்னால் வைத்துக் கும்பிடுவேன், பிறகு அதே காகிதத்தில் யாருக்காவது மிளகு சீரகம் மடித்துக் கொடுத்துவிடுவேன். ஐந்தாம் வகுப்போடு நின்றவன் பத்திரிகைக்கு எழுதுவதா என்ற கூச்சம் ஒரு காரணம். அதைவிடப் பெரிய காரணம், நான் வாயைத் திறந்தால் ஊரில் ஒரு பெண்ணின் குடிசை போய்விடும் என்ற பயம். அந்தப் பயம் தீர்ந்த பிறகு, முருகன் பெயரால் ஜனங்கள் பக்தியோடு சொல்லிவரும் ஒரு கதையை நானே கலைக்கலாமா என்ற சங்கடம் வந்து உட்கார்ந்துகொண்டது. இப்போது இரண்டும் இல்லை. தைரியமாகவே எழுதுகிறேன்.

நான் தென்காசிப் பக்கத்துக்காரன். இலங்கையில் கண்டிக்கு வந்து, இங்கேயே சிறு மளிகைக் கடை வைத்து, மனைவி மக்களோடு இருக்கிறேன். போன மாதம் புளியங்குடியிலிருந்து எலுமிச்சை வியாபாரமாக ஒருவர் வந்தார். ஊர்ப் பேச்சைக் கேட்டு எத்தனை நாளாயிற்று என்று வீட்டுக்கு அழைத்து இலை போட்டோம். சாப்பிட்டுக்கொண்டே அவர் ஒரு கதை சொன்னார்.

“அண்ணாச்சிக்குத் தெரியாதா? இதே கண்டியில இருந்து வந்த ஒருத்தரு, குத்தாலத்துல தீர்த்தம் எடுத்துச் சைக்கிள்ல கொண்டாந்தாராம். பாதியில சைக்கிளு படுத்துட்டு. குடத்தைத் தரையில வைக்கக் கூடாதுல்லா? மனுசன் ‘முருகா’ன்னு ஒரு சத்தம் போட்டிருக்காரு. தாமரைக்குளத்துக்குள்ள இருந்து வள்ளியம்மை எந்திரிச்சு வாரா! குடத்தை வாங்கித் தலையில வச்சா, ஒரு சொட்டு சிந்தல.”

“அப்புறம் அந்த மனுசன் என்ன ஆனாரு?” என்று என் மகள் கோமதி கேட்டாள்.

“அவரா? அன்னைக்கே காவி கட்டிட்டுப் போயிட்டாரு தாயி. இப்பப் பொதிகை மலையில இருக்கதாச் சொல்லுதாவ.”

அடுக்களையிலிருந்து என் மனைவி பொன்னம்மாள் கரண்டியோடு வெளியே வந்தாள். “காவியா? நேத்துத்தான் தோசைக்குச் சட்னி பத்தலைன்னு அந்தச் சாமியாரு என்கிட்ட மல்லுக்கு நின்னாரு” என்றாள்.

வியாபாரி கையில் எடுத்த சோற்றை இலையிலேயே வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். நான் ரசம் வேண்டும் என்றேன்.

அவர் தூங்கப் போன பிறகு கோமதி விடவில்லை. இங்கே பெரிய பள்ளிக்கூடத்தில் படிக்கிறவள். வீட்டில் தமிழ், தெருவில் சிங்களம், புஸ்தகத்தில் இங்கிலீஷ். அரைத் தூக்கத்தில் எந்தப் பாஷையில் உளறுவாள் என்று அவளுக்கே தெரியாது. விபூதி பூசச் சொன்னால் கண்ணாடியைப் பார்த்துக்கொண்டே பாதியைத் துடைத்துவிடுவாள். அவள் கேட்டாள்: “அப்பா, எனக்காகத்தானே அந்தத் தீர்த்தம்? வள்ளி வந்தது நிஜமா?”

“வந்தது நிஜம். வள்ளி இல்லை.”

“பின்னே யார்?”

நான் பொன்னம்மாளைப் பார்த்தேன். அவளுக்கு எல்லாம் தெரியும். “சொல்லிருங்க” என்றாள். “கோயில் கதவே எல்லாருக்கும் தொறந்தாச்சு. இன்னும் உங்க வாயி தொறக்கலைன்னா எப்படி?”

மகளுக்குச் சொன்னதையே உங்களுக்கும் சொல்கிறேன்.

2

அப்போது நான் ஒரு முதலாளியின் கடையில் வேலையாள். தேயிலைத் தோட்டங்களுக்குச் சாமான் கொண்டு போக ஒரு சைக்கிள் கொடுத்திருந்தார்கள். கண்டியில் சைக்கிள் என்றால் பாதி நாள் நாம் அதன் மேல், பாதி நாள் அது நம் தோள் மேல். மேடு என்று ஆரம்பித்தால் முடிவே கிடையாது. கீழே ஏரி தெரியும், ஏறுவோம். மறுபடி வளைவில் திரும்பினால் அதே ஏரி, கொஞ்சம் சின்னதாகத் தெரியும். காலையில் அப்படி ஏறும்போதெல்லாம் சரவணபவ என்று மிதிக்கு ஒரு எழுத்தாகச் சொல்லிப் பழகினேன். இன்றைக்கும் அந்தப் பழக்கம் உண்டு.

கோமதி அப்போது கைக்குழந்தை. காய்ச்சல் வந்தது, போனது, மறுபடி வந்தது. ஆஸ்பத்திரி மருந்தும் கொடுத்தோம். குழந்தை பால் குடிக்காமல் கண்ணை மூடியே கிடந்தது. பொன்னம்மாள் நேர்ந்துகொண்டாள்: எங்கள் ஊர்க் குன்றின் மேல் இருக்கும் முருகனுக்குக் குற்றாலத்துத் தீர்த்தம் கொண்டுவந்து உச்சிக்காலத்தில் அபிஷேகம் செய்ய வேண்டும், அருவியில் மொண்ட குடம் சந்நிதி சேரும்வரை தரையில் படக் கூடாது. எங்கள் பக்கத்தில் இப்படி நேர்ந்துகொண்டு நடந்தே தீர்த்தம் கொண்டு போவார்கள். இரண்டு பேராகப் போய் மாற்றி மாற்றித் தலையில் வாங்கிக்கொள்வது வழக்கம்.

குழந்தையை விட்டு அவள் வர முடியாது. நான் ஒருவன்தான். முதலாளி கொடுத்த லீவும் கொஞ்சம்தான். சைக்கிளைக் கேட்டேன். “கொண்டு போ, ஆனா கொண்டு வா” என்றார்.

தலைமன்னாரில் கப்பல் ஏறி தனுஷ்கோடியில் இறங்கினேன். சுங்கத்தில் ஒரு உத்தியோகஸ்தர் சைக்கிளைச் சுற்றிச் சுற்றி வந்தார். நம்பர் எங்கே, யாருடையது, எப்போது திரும்பும், திரும்பாவிட்டால் யார் பொறுப்பு. எனக்கு ஒரு கேள்வி கேட்டால் சைக்கிளுக்கு நாலு கேட்டார். அதற்குத் தகப்பன் பெயர் கேட்காததுதான் பாக்கி. இப்போது இங்கே கண்டியிலும் அதே கதைதான். இந்த நாட்டில் எத்தனை வருஷமாக இருக்கிறாய், அத்தாட்சி எங்கே என்று எங்களைக் கேட்கத் தொடங்கியிருக்கிறார்கள். அன்று சைக்கிளுக்குப் பதில் சொன்ன பழக்கம் இன்று எனக்கு உதவுகிறது.

3

தென்காசியில் ரயிலை விட்டு இறங்கியபோது சாரல் காலம். அருவியில் நல்ல தண்ணீர். தீர்த்தம் எடுக்கும் முன்பு சுற்றுவட்டாரத்து முருகன்களையெல்லாம் கும்பிட்டு வரவேண்டும் என்பதும் பொன்னம்மாள் உத்தரவு. ஆகவே சைக்கிளிலேயே ஒரு சுற்றுப் போனேன். அந்த நாட்களை நினைத்தால் இப்போதும் என் முழங்காலுக்கு வயசு குறைகிறது.

இலஞ்சியில் கும்பிட்டுவிட்டு மேற்கே செங்கோட்டைப் பக்கம் மிதித்தேன். மலை இடுக்கு வழியாக வருகிற காற்று நேரே நெஞ்சில் கை வைத்துத் தள்ளும். தலையைக் குனிந்து சரவணபவ சொல்லிக்கொண்டே போக வேண்டியதுதான். அங்கிருந்து வடக்கே பண்பொழிக்குத் திரும்பி, திருமலையில் படியேறிக் கும்பிட்டேன். மேலிருந்து பார்த்தால் குளம், வயல், குளம், வயல் என்று கண் எட்டுகிற மட்டும். ஒரு குளம் நிறைந்து மறுகால் விழுந்து அடுத்த குளத்துக்குப் போகிறது. அதே மாதிரி நானும் குளத்துக்குக் குளம் போனேன். கரைமேல் ஏறினால் தண்ணீர் ஒரு பக்கம், நாற்று ஒரு பக்கம். கரை இறங்கினால் செம்மண் மேடு. மேடு என்றால் கண்டி மேடு இல்லை. மூச்சு வாங்கலாமா என்று நினைப்பதற்குள் இறக்கம் வந்துவிடும். இறக்கத்தில் பெடலை விட்டுக் காலை நீட்டிக்கொண்டு போனால் அடுத்த மேட்டில் பாதியை வண்டியே ஏறிக் கொடுக்கும்.

ஆய்க்குடி முருகனையும் பார்த்துவிட்டு, சுந்தரபாண்டியபுரம் வரை போய்த் திரும்பினேன். போகும் இடமெல்லாம் மோர் கொடுத்தார்கள். சைக்கிளைத் தொட்டுப் பார்த்தார்கள். “கண்டியில இருந்து மிதிச்சேவா வந்திய?” என்று ஒரு பெரியவர் கேட்டார். கடல் நடுவில் இருக்கிறதே என்றேன். “அதாங் கேக்கேன்” என்றார்.

4

தீர்த்தம் எடுத்த நாள் விடியும்போதே குற்றாலத்துப் பேரருவியில் குளித்து, செம்புக் குடத்தில் மொண்டு, மாவிலை வைத்து, மஞ்சள் துணியால் வாயைக் கட்டினேன். புது வேஷ்டியை மடித்துத் தோளில் தூளி போலக் கட்டி, குடத்தை நெஞ்சோடு தொங்கவிட்டுக்கொண்டேன். சைக்கிளில் ஏறுவதற்கு மைல் கல், இறங்குவதற்கு மதகுச் சுவர் என்று பார்த்து வைத்திருந்தேன். இப்போது காற்று முதுகுப் பக்கம். தள்ளிக்கொண்டு போயிற்று.

தென்காசி தாண்டியதும் ஒரு வண்டிக்காரன் மாட்டை நிறுத்திவிட்டுப் பார்த்தான். “அண்ணாச்சி, பிள்ளையத் தூளியோட தூக்கிட்டு எங்க கிளம்பிட்டிய? பால் குடுத்தாச்சா?” என்றான். சிரித்தால் குடம் ஆடும் என்று சிரிக்காமல் போனேன்.

எங்கள் ஊருக்கு முந்தின பெரிய குளத்தின் கரைமேல் போகும்போது முன் சக்கரம் சொத்தென்று உட்கார்ந்தது. உடைமரத்து முள் குத்தியிருந்தது.

என் நிலையை நினைத்துப் பாருங்கள். குனிந்தால் குடம் சாயும். டயரைக் கழற்ற வண்டியைக் கவிழ்த்துப் போட வேண்டும், இரண்டு கையும் வேண்டும். எதிலாவது தொங்கவிடலாம் என்றால் அந்தக் கரை முழுவதும் பனை. பனைக்குக் கிளை ஏது? உருட்டிக்கொண்டு நடந்தால் உச்சிக்காலம் முடிந்து நடை சாத்திவிடுவார்கள். மறுநாள் ரயிலை விட்டால் கப்பல் போய்விடும். கண்டியில் குழந்தை எப்படி இருக்கிறது என்று தெரியாது. நெஞ்சில் குடத்தோடு, ‘முருகா’ என்று கத்தவில்லை. சும்மா நின்றேன்.

“என்ன சாமி, சைக்கிளுக்குக் காவலா நிக்கிய?”

குளத்துச் சரிவில் புல் அறுத்துக் கட்டிக்கொண்டிருந்த ஒரு பெண். முப்பத்தைந்து வயது இருக்கும்.

“பஞ்சர் ஆயிட்டு” என்றேன்.

“குடத்தை இறக்கி வச்சிட்டு வேலையப் பாக்க வேண்டியதுதானே?”

“இறக்கக் கூடாது. தீர்த்தம்.”

“அப்போ பொழுது சாயுத மட்டும் இப்படியே நிக்கப் போறியளா? பேசாம நடந்தே வந்திருந்தா இந்நேரம் சாமி குளிச்சு முடிச்சிருக்கும்.”

“கொஞ்ச நேரம் குடத்தைப் பிடிச்சுக்கிடுதியா?”

அவள் இரண்டு எட்டுப் பின்னால் போனாள். “நான் யாருன்னு தெரிஞ்சா கேக்கிய?”

“தெரியாது. கை ரெண்டு இருக்குன்னு தெரியுது.”

“நான் கீழத்தெருக்காரி சாமி. அந்தக் கோயில் படிய மிதிக்கப்படாதவ.”

என் கை ஒரு கணம் குடத்தை இறுக்கிப் பிடித்தது. அதை மறைக்க மாட்டேன். அப்படித்தான் வளர்ந்தவன். அவளும் அதைப் பார்த்தாள். கோபப்படவில்லை. கேட்டாள்: “யாருக்கு நேர்ச்சை?”

“பிள்ளைக்கு. பால் குடிக்க மாட்டேங்கு.”

“கொண்டாங்க.”

குளத்தில் இறங்கி முழங்கை வரை கழுவிக்கொண்டு வந்தாள். தூளியை அவிழ்த்துக் குடத்தை அவள் கையில் வைத்தேன். பச்சைப் பிள்ளையை வாங்குவது போல அடியில் ஒரு கை கொடுத்து நெஞ்சோடு சேர்த்துக்கொண்டாள். நான் வண்டியைக் கவிழ்த்து, டயரை நெம்பி, டியூபைக் குளத்துத் தண்ணீரில் முக்கிக் குமிழி எங்கே வருகிறது என்று பார்த்தேன். கல்லால் தேய்த்துப் பிசினைத் தடவி ஊதிக்கொண்டிருந்தபோது கரைமேல் பேச்சுச் சத்தம் கேட்டது. எங்கள் ஊர் மேலத்தெருக்காரர்கள் இரண்டு பேர் வந்துகொண்டிருந்தார்கள்.

நான் என்ன செய்ய என்று நினைப்பதற்குள் அவள் இல்லை. மடைக்கல்லுக்குப் பின்னால் தண்ணீரில் இறங்கிவிட்டாள். தாமரை இலைக்கு நடுவில், நெஞ்சளவு தண்ணீரில், இரண்டு கையாலும் குடத்தைத் தலைமேல் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

“சைக்கிளு படுத்துட்டா அண்ணாச்சி?” என்றார் ஒருவர்.

“ஆமா. ஒட்டிக்கிட்டு இருக்கேன்.”

“இது யாரு புல்லுக்கட்டு?”

“தெரியலையே. வரும்போதே கிடந்தது.”

அவர்கள் நின்று, சைக்கிளுக்கு என்ன தீனி போடுவீர்கள் என்று கேலி செய்து, வெற்றிலை போட்டு, துப்பி, பிறகுதான் நகர்ந்தார்கள். எனக்கு ஒரு யுகம் போனது போல இருந்தது. அவளுக்கு எப்படி இருந்திருக்கும்? அவர்கள் கரை வளைவுக்குப் போய்விட்டார்கள் என்று கை காட்டினேன். அவள் தாமரையை விலக்கிக்கொண்டு மேலே ஏறி வந்தாள். தலைமேல் குடம். மேகம் விலகி அடித்த வெயில் நேரே செம்பில் பட்டு மின்னியது.

“ஒரு சொட்டு சிந்தல, பாத்துக்கிடுங்க” என்றாள். காலில் ஒட்டியிருந்த அட்டையைப் பிய்த்து எறிந்தாள். “இந்த மூதிக்கும் தீர்த்தம் கேக்குது.”

காற்றடித்து முடித்தேன். குடத்தைத் திரும்பக் கட்டிக்கொண்டு, “உனக்கு நான் என்ன செய்ய?” என்றேன்.

“ஒண்ணுஞ் செய்ய வேண்டாம். என் பேரு மாடத்தி. சாமிகிட்ட நிக்கும்போது ஒருக்காச் சொல்லுங்க. மாடத்தின்னு ஒருத்தி இருக்கான்னு தெரிஞ்சா போதும். ஆனா நான் குடத்தைத் தொட்டதை மட்டும் சொல்லிராதிய. சொன்னா உங்களுக்கு அபிசேகம் நடக்காது, எனக்கு வீடு இருக்காது.”

“எப்பவும் சொல்லக் கூடாதா?”

“சொல்லுத காலம் வந்தா சொல்லுங்க” என்றாள். புல்லுக்கட்டைத் தூக்கித் தலையில் வைத்துக்கொண்டு கரை இறங்கிப் போய்விட்டாள்.

5

உச்சிக்கால மணிக்கு முன்பே குன்று ஏறிவிட்டேன். அர்ச்சனைக்குப் பெயர் கேட்டார்கள். கோமதி, பொன்னம்மாள், என் பெயர். “இன்னும் உண்டா?” “மாடத்தி. நட்சத்திரம் தெரியாது.” குருக்கள் திருப்பிக் கேட்கவில்லை. முருகன் சந்நிதியில் அந்தப் பெயர் தெளிவாக ஒலித்தது. என் காதால் கேட்டேன். குடத்தின் தண்ணீர் அவன் தலையிலிருந்து இறங்கியபோது என் கண்ணிலும் இறங்கியது. அப்போதே எனக்கு நிச்சயம் வந்துவிட்டது, குழந்தை பிழைத்துக்கொள்ளும் என்று. நான் கண்டி திரும்பியபோது கோமதி பால் கேட்டு அழுதுகொண்டிருந்தாள்.

குன்றிலிருந்து இறங்கும்போதுதான் வம்பு. அடிவாரத்தில் கோயில் காரியஸ்தர் என் சைக்கிளின் முன் டயரை அழுத்திப் பார்த்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் அந்த இரண்டு பேர்.

“ஏம்ல, வழியில வண்டி படுத்துட்டாமே. குடத்தை எங்கன வச்ச?”

“எங்கயும் வைக்கல அண்ணாச்சி. தரை படல. முருகன் சத்தியம்.”

“ரெண்டு கையும் சைக்கிள்ல இருந்தா குடம் அந்தரத்துலயா நின்னுச்சு? யாரு பிடிச்சா?”

நான் வாயைத் திறக்கவில்லை. கூட்டம் கூடிவிட்டது. இன்னொரு தடவை கேட்டார். அப்போதும் திறக்கவில்லை. அந்த இரண்டு பேரில் ஒருவருக்குத் திடீரென்று உடம்பு சிலிர்த்தது.

“அண்ணாச்சி, நான் பாத்தேன்! கரை திரும்பும்போது பின்னால பாத்தேன். தாமரைக்குள்ள இருந்து ஒரு பொம்பளை எந்திரிச்சா. தலையில செம்புக் குடம், தகதகன்னு! அங்கன அதுக்கு முந்தி ஒரு ஈ காக்கா கிடையாது!”

“வள்ளியம்மையேதான்!” என்று ஒரு அம்மாள் குலவை போட்டாள். நாலு பேர் என் காலில் விழுந்தார்கள். காரியஸ்தரும் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டார். அன்று நான் பேசாமல் இருந்தது சரி. இன்றும் அதையே சொல்வேன். என் ஒரு வார்த்தையில் அவள் கூரை இருந்தது.

6

வியாபாரி ஊர் திரும்பும் முன்பு அவரிடம் விசாரித்தேன். “கீழத்தெரு ஆட்களும் இப்போ குன்று ஏறுதாவளா?”

“ஏறுதாவ அண்ணாச்சி. மொதல்ல முணுமுணுத்தாவ. இப்பத் தைப்பூசத்துக்கு அவியளும்தான் காவடி எடுக்காவ.”

“மாடத்தின்னு ஒரு பொம்பளை உண்டா?”

“தெருவுக்கு நாலு மாடத்தி உண்டே, எந்த மாடத்தியச் சொல்ல?” என்று சிரித்தார். பிறகு யோசித்துச் சொன்னார்: “குளத்தங்கரையில, வள்ளியம்மை குடம் பிடிச்ச இடம்னு ஒரு கல்லு நட்டு வச்சிருக்காவ. வெள்ளிக்கிழமைதோறும் ஒரு வயசான பொம்பளை விளக்குப் போடுதா. அவ பேரு மாடத்திதான். கொஞ்சம் கிறுக்குன்னு சொல்லுவாவ. விளக்கைப் பொருத்தும்போது ஒரு சிரிப்புச் சிரிப்பா பாருங்க, எதுக்குன்னு யாருக்கும் தெரியாது.”

எனக்குத் தெரிந்தது. பொன்னம்மாள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள், பிறகு அழுதாள். கோமதி எழுந்து போய் விபூதித் தட்டை எடுத்துக்கொண்டு வந்தாள். யாரும் அவளிடம் எடுத்து வரச் சொல்லவில்லை.

முருகன் வரவில்லை என்று நான் சொல்வதாக யாரும் நினைக்க வேண்டாம். ஒருத்தியை அந்த நேரத்தில் அந்தக் கரையில் புல் அறுக்க வைத்தவன் அவன்தான் என்று நம்புகிறேன். ஆனால் நெஞ்சளவு தண்ணீரில் கை நோக நின்றவள் மாடத்தி. அந்தக் கல்லை யாரும் பிடுங்க வேண்டாம். விளக்கும் எரியட்டும். பெயர் மட்டும் சரியாக இருக்கட்டும்.

அந்தப் பக்கத்து அன்பர்கள் இதைப் படித்தால் எது எந்தக் குளம் என்று உங்களுக்கே தெரியும். ஒரு வெள்ளிக்கிழமை போய் முதலில் அவளுக்கு இதை வாசித்துக் காட்டுங்கள். அவள் ‘அப்படி இல்லை, இப்படி’ என்று எதையாவது திருத்தினால் அவள் சொல்வதே சரி, அதை எழுதிக்கொள்ளுங்கள். ஊரில் சொல்லலாமா என்றும் அவளையே கேளுங்கள். சரி என்றால், பிறகு எல்லோருக்கும் சொல்லுங்கள். தாமரையில் பூத்தாள் என்று சேர்க்க வேண்டாம், அட்டை கடித்ததை விட்டுவிட வேண்டாம். அவளைத் தவிர வேறு யாரும் இதில் ஒரு எழுத்தையும் மாற்ற வேண்டாம்.